குழாய்க்குத் துடக்கில்லை

நறுவிலிக்குளத்தில் ஹம்சிகாவை 'ஏன் பிள்ளை' என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால் ஆறாம் வகுப்பில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இருபத்தேழு வயதாகி, விவசாயக் கந்தோரில் எழுதுவினைஞராக வேலைக்குப் போன பின்னும் கழன்று விழவில்லை. உர விண்ணப்பத்தோடு வந்த ஒரு விதவையிடம், ஆம்பிளை ஒருத்தரைக் கூட்டி வந்து கையெழுத்து வைக்கச் சொல்லிப் பெரிய கிளாக்கர் திருப்பி அனுப்பப் பார்த்தார். "ஏன் சேர்? உழுகிறது அவ, விதைக்கிறது அவ. கையெழுத்துக்கு மட்டும் ஏன் மீசை வேணும்?" என்று ஹம்சிகா கேட்டது நானாட்டான் சந்தை வரைக்கும் போய்விட்டது. விதவையின் கையெழுத்தோடேயே விண்ணப்பமும் போனது.

அப்படிப்பட்டவள், சொந்த வீட்டில், சொந்தத் தாயிடம், ஒரு மிடறு தண்ணீர் கேட்க வாய் வராமல் கிடந்தாள்.

பிரசவத்தைப் பற்றி அவள் வாசிக்காமல் போகவில்லை. கிளினிக்கில் தந்த சின்னப் புத்தகத்தை இரண்டு தரம் வாசித்து, சந்தேகங்களை ஒரு கொப்பியில் எழுதியும் வைத்திருந்தாள். ஆனால் பிள்ளை பிறந்த கையோடு பல்லோடு பல் அடித்து உடம்பு முழுக்க நடுங்கும் என்று புத்தகமும் சொல்லவில்லை, ஊரில் ஏழெட்டுப் பெற்றவர்களும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரித் தாதி இரண்டு போர்வையால் மூடிவிட்டு, எல்லாருக்கும் வாறதுதான், கொஞ்சத்தில் நிற்கும் என்றார். நின்றது. பிறகு பிள்ளையைத் துடைத்து நெஞ்சில் வைத்தார்கள். கண்ணீர் பெருகும், அன்பு வெள்ளமாய் வந்து அடிக்கும் என்று ஹம்சிகா காத்திருந்தாள். வந்தது பசி. "மிஸ், ஒரு பிளேன்ரீயும் பிஸ்கற்றும் கிடைக்குமோ?" என்பதுதான் தாயான பிறகு அவள் பேசிய முதல் வசனம்.

பிள்ளையைப் பார்த்தாள். பெண்பிள்ளை. சப்பிய மூக்கு, காது மடலில் மயிர், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவருடைய முறைப்பு. தார் போல ஒன்று கழித்தது. பால் குடிக்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு திரும்பவும் நொந்தது. கர்ப்பப்பை சுருங்குகிற நோ அது, நல்லதுதான் என்றார்கள். தையல் போட்ட இடம் சிரித்தால் இழுத்தது. புருஷன் பிரசாந்தன் போனில் பகிடி விட்டால் கெஞ்சி நிறுத்த வேண்டியிருந்தது. அன்பு வந்தது இரண்டாம் நாள் மத்தியானம். பிள்ளை ஒரு தரம் தும்மி, தன் தும்மலுக்குத் தானே திடுக்கிட்டு முழித்தபோது, எங்கிருந்தோ வந்து நெஞ்சில் குந்திக்கொண்டது. அதற்குப் பிறகு அசையவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் தாய் பரமேஸ்வரி நின்றாள், மஞ்சள் தண்ணீரோடும் சட்டங்களோடும்.

பரமேஸ்வரிக்கு ஐம்பத்துநாலு வயது. புருஷன் போன பிறகு இரண்டு ஏக்கர் வயலைத் தனியே செய்து, மகளைப் படிப்பித்து, கட்டிக் கொடுத்தவள். அவளுக்குப் பயந்து வாய்க்கால் தண்ணீரே ஒழுங்காக வயலுக்குப் போகும் என்று ஊரில் பகிடி சொல்வார்கள். பிள்ளைப்பெற்ற வீட்டுக்கு அவளுடைய சட்டம் இப்படி: முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. தாயும் பிள்ளையும் உள்ளறையை விட்டு வரக்கூடாது. ஊரெல்லாம் சுற்றித் திரிகிற புருஷன் கதவோடு நின்று பார்க்கலாம், உள்ளே கால் வைக்கக்கூடாது. பச்சைத் தண்ணீர் கூடவே கூடாது. காய்ச்சினது காலையில் ஒரு சுண்டு, ஒரு குவளை அளவு, பின்னேரம் ஒரு சுண்டு. அதற்கு மேல் குடித்தால் வயிறு பானை போலத் தொங்கும், பிள்ளைக்குச் சளி கட்டும்.

ஆடி மாதம். சோளகக் காற்று வயல் புழுதியை வாரிக்கொண்டு வந்து ஓட்டில் இறைத்தது. சாப்பாட்டுக்கு மூன்று நேரமும் மிளகு, மல்லி, வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் அரைத்துக் காய்ச்சின சரக்குக் கறி. பால் சுரக்கவென்று வங்காலையிலிருந்து எடுப்பித்த பால்சுறாவில் வறை. ருசிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கவளமும் தொண்டையில் தீ வைத்துவிட்டுப் போனது. பிள்ளை வாய் வைத்த மறுநிமிஷம் ஹம்சிகாவுக்கு எப்போதும் அறியாத ஒரு தாகம் எடுத்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. சிறுநீர் எரிந்தது. மலச்சிக்கலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தையலோடு அது சேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதைப் பெற்றவர்கள் அறிவார்கள், பெறாதவர்கள் விசாரிக்காமல் இருப்பது நல்லது. பால் கொடுத்தால் தாகம் வரும் என்ற பயத்தில், பிள்ளை சிணுங்கினால் முதலில் ஏணையை ஆட்டிப் பார்க்கத் தொடங்கினாள். பிள்ளை குடிப்பது குறைந்தது. குடிக்கக் குறைந்தால் சுரப்பதும் குறையும். இதைப் புத்தகத்தில் அடிக்கோடு இட்டு வாசித்தவள் அவள்.

ஏன் கேட்கவில்லை? கந்தோரில் எதிரே நிற்பது அநியாயம் என்று பார்த்த உடனே தெரியும். கேள்வி தானாக வாயில் வரும். இங்கே எதிரே நின்றது அன்பு. விடிய நாலு மணிக்கு எழுந்து அம்மியோடு மாரடித்து, பத்து விரலும் மஞ்சளாகி, வேது இலை போட்ட சுடுதண்ணீரைப் பதம் பார்த்து மகளின் இடுப்பில் ஊற்றுகிற அன்பு. அதைப் பார்த்து "ஏன்?" என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. அன்பின் பெயரில் வருகிற தவறுக்கு இருக்கிற பலமே அதுதான். எதிர்த்துப் பேசினால் பேசினவள் நன்றி கெட்டவளாகிவிடுவாள். போதாததற்கு, தண்ணீர் குடித்த பிறகு பிள்ளை ஒரு தரம் தும்மினாலும் பழி யார் தலையில் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இதில் பெரிய பகிடி, அவளுடைய புருஷனின் தொழில். பிரசாந்தன் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டுகிறவன். கிணறு வற்றுகிற மாதங்களில் ஊர் ஊராகப் போய்த் தாங்கிகளை நிரப்புவது அவன் வேலை. ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட அவன் கொண்டு வருகிற தண்ணீர் கிடைக்கும். பெண்சாதிக்கு இரண்டு சுண்டு. நாலாம் நாள் ஜன்னல் கம்பிக்குள்ளால் ஒரு போத்தலை நீட்டினான். ஹம்சிகா பாதி குடிப்பதற்குள் பரமேஸ்வரி தலையணையைத் தட்டிப் போட வந்துவிட்டாள். போத்தல் பறிபோனது. மருமகனுக்கு ஏச்சு விழவில்லை, அதைவிட மோசம், அன்று இராச் சாப்பாட்டில் இரண்டு மீன் துண்டு கூடுதலாக வைத்து, "தம்பி, நீங்கள் பிள்ளை பெற்றனீங்களோ?" என்று மட்டும் கேட்டாள். பிரசாந்தன், இல்லை என்பதை ஒப்புக்கொண்டு சாப்பிட்டான்.

ஐந்தாம் நாள் குடும்பநல மாது ஸரீனா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். சிலாவத்துறை முஸ்லிம் பெண், மூன்று பிள்ளைகளின் தாய், சிரித்த முகம். தொங்கு தராசைக் கூரை வளையில் மாட்டி, துணியில் பிள்ளையைக் கிடத்தித் தூக்கினாள். பிறந்தபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம். இப்போது இரண்டு கிலோ அறுநூற்றுப் பத்து. ஸரீனாவின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. முதல் கிழமையில் குறைவது வழமைதான் என்றாள்.

"ஆனா இது எல்லையிலை வந்து நிக்குது. பத்தாம் நாள் திரும்பி வருவன். அண்டைக்கும் ஏறாட்டி ஆஸ்பத்திரிலை வச்சுத்தான் பாக்கோணும். தண்ணி வென்னி வடிவாக் குடிக்கிறீங்களோ, தங்கச்சி?"

ஹம்சிகா வாய் திறக்குமுன் கதவடியிலிருந்து பரமேஸ்வரி, "ஓம் ஓம், குடிக்கிறா" என்றாள். பொய்யும் இல்லை, இரண்டு சுண்டு குடிக்கத்தானே செய்கிறாள். தாகம் எடுக்கிற நேரமெல்லாம் குடிக்க வேண்டும், பிள்ளை கேட்கிற நேரமெல்லாம் கொடுக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு ஸரீனா போனாள். ஸ்கூட்டர் சத்தம் அடங்கியதும், அந்த ஆக்களின்ரை உடம்பு வேறை, எங்கடை உடம்பு வேறை என்று பரமேஸ்வரி தீர்ப்புச் சொன்னாள். அடுத்த வளவிலிருந்து பிள்ளை தூக்கிப் பழகுவதற்காகத் தினமும் வருகிற அபிசா, எட்டு மாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹம்சிகா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஏறக்குறைய முந்நூறு கிராம் பிள்ளை காணாமல் போயிருந்தது. ஐந்து நாளில் அது திரும்பி வர வேண்டும்.

மறுநாள் காலை பிரசாந்தன் பவுசரைக் கோயிலுக்குக் கொண்டு போனான். திருவிழா நடந்துகொண்டிருந்தது, அன்னதானத்துக்கும் சனம் குடிப்பதற்கும் தாங்கி நிரம்ப வேண்டும். பவுசர் கோயில் வாசலால் உள்ளே திரும்புமுன் நிர்வாகத் தலைவர் பாலசிங்கம் கையை நீட்டி மறித்தார். வீட்டில் துடக்கு இருக்கும்போது கோயில் வளவுக்குள் வரலாமா என்று கேட்டார். அப்படியானால் தண்ணீரைத் திருப்பிக் கொண்டு போகிறேன் என்று இவன் சொன்னான். அதுவும் சரிவராது, உலை வைத்தாகிவிட்டது, அறுநூறு பேருக்குச் சோறு. பாலசிங்கம் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, சாத்திரத்தில் புதுக் கிளை ஒன்றைக் கண்டுபிடித்தவரின் முகத்தோடு சொன்னார்:

"நீர் வெளியிலையே நில்லும், தம்பி. குழாயை உள்ளை விடும். குழாய்க்குத் துடக்கில்லை."

பிரசாந்தன் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றான். அவன் ஏற்றி வந்து, அவன் கையால் திறந்துவிட்ட தண்ணீர், நீலக் குழாய்க்குள்ளால் எல்லா விலக்குகளையும் தாண்டிப் போய், சாமியின் அபிஷேகக் குடத்தையும் நிரப்பியது. அவனுக்கு முதலில் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான், ஒரு உயிர் பிறந்ததைத் தீட்டு என்று சொல்வதற்கு மனிதருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும். ஆனால் தாங்கி பாதி நிரம்புவதற்குள் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னால் ஒரு யோசனை வந்தது. மீதி நேரம் முழுக்கக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பும் வழியில் நானாட்டானில் மேசன்மார் மட்டம் பார்க்கிற கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்ரிக் குழாய் புதிதாக ஆறு மீற்றர் வெட்டி வாங்கினான். வயல் காவற்கொட்டிலில் கேத்தல் வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆறவிட்டு, சுத்தமான ஐந்து லீற்றர் கலனில் ஊற்றினான். குழாயையும் சுடுதண்ணீரில் கழுவினான். வீட்டுப் பின்பக்கம், உள்ளறை ஜன்னலுக்கு நேரே ஒரு வேம்பு. அதன் கவட்டில் கலனைக் கட்டினான். குழாயின் ஒரு முனை கலனுக்குள், மறுமுனை ஜன்னல் கம்பிக்குள்ளால், ஹம்சிகா உள்ளேயிருந்து இழுக்க, திரைச்சீலைக்குப் பின்னால் இறங்கி, கட்டில் காலோடு ஏறி, தலையணைக்குக் கீழே. முனையில் உடுப்புக் காயப்போடுகிற கிளிப் ஒன்று. விறகு அடுக்குகிறான் என்று நினைத்துப் பரமேஸ்வரி முன் விறாந்தையில் பால்சுறா உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஹம்சி," என்று ஜன்னலடியில் மெல்லக் கூப்பிட்டான். "கிளிப்பைக் கழட்டிப் போட்டு ஒருக்கா உறிஞ்சும். பிறகு அது தானா வரும். காணுமெண்டால் கிளிப்பைப் போடும். தலையணை நனையும், கவனம்."

உறிஞ்சினாள். கொஞ்சம் காற்று, கொஞ்சம் புது பிளாஸ்ரிக் மணம், பிறகு தண்ணீர். இளஞ்சூட்டில், வேப்பநிழலில் ஆறின தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். ஆஸ்பத்திரியில் வராத கண்ணீர் இப்போது வந்தது. ஜன்னலுக்கு வெளியே எப்படி இருக்கிறது என்று கேட்டவனுக்குப் பதில் சொல்ல வாய் ஓய்வில்லை.

அன்றிலிருந்து பிள்ளை சிணுங்கினால் ஏணை ஆடவில்லை. ஒரு பக்கம் பிள்ளை தாயைக் குடித்தது, மறுபக்கம் தாய் வேம்பைக் குடித்தாள். எட்டாம் நாள் பிள்ளை பார்க்க வந்த ஊர்க் கிழவி அன்னப்பிள்ளை தலையணைக்குக் கீழே குழாய் முனையைக் கண்டு, இதென்ன என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் தந்தது என்றாள் ஹம்சிகா. அரசாங்கம் இப்போது எல்லாம் கொடுக்கிறது என்று அன்னப்பிள்ளை மரியாதையோடு தலையை ஆட்டி, குழாய்க்குக் கால் படாமல் தள்ளி இருந்தாள்.

பத்தாம் நாள் ஸரீனா வந்தாள். தராசை வளையில் மாட்டினாள். பிள்ளை துணிக்குள் கிடந்து எல்லாரையும் முறைத்தது. முள் ஆடி நின்றது.

இரண்டு கிலோ எண்ணூற்று முப்பது.

ஸரீனா இரண்டாம் தரமும் பார்த்து, அட்டையில் எழுதி, ஆஸ்பத்திரி தேவையில்லை என்றாள். ஹம்சிகா மூச்சை விட்டாள். ஐந்து நாளாக அதைப் பிடித்துக்கொண்டிருந்தவள் போல விட்டாள். செய்கிறதை அப்படியே செய்யுங்கோ என்றாள் ஸரீனா. அவ்வளவுதான் கேட்க வேண்டியிருந்தது. பரமேஸ்வரியின் தோள் இரண்டு அங்குலம் உயர்ந்தது.

"என்னத்தைச் செய்தனான்? பால்சுறாவும் சரக்கும்தான். வாயைக் கட்டி, தண்ணியைக் கட்டி வைச்சனான். பார், இருநூற்றிருபது கிராம்." பிறகு அபிசாவின் பக்கம் திரும்பினாள். "உனக்கும் நான்தான் வந்து பாப்பன், பிள்ளை. இதே மாதிரி. முப்பத்தொரு நாளும் இரண்டு சுண்டுக்கு மேலை ஒரு சொட்டு இல்லை."

அபிசா வயிற்றைத் தடவிக்கொண்டு தலையாட்டினாள்.

ஹம்சிகா அந்தத் தலையாட்டலைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. பிள்ளை தேறிவிட்டது, அம்மா சந்தோஷம், வேம்பும் குழாயும் இன்னும் இருபத்தொரு நாள் இரகசியமாக ஓடும். ஆனால் தவறான விடைக்கு விழுந்த சரி அடையாளம் ஒன்று இந்த வீட்டிலிருந்து அடுத்த வளவுக்குப் போகும். அங்கேயும் ஒரு பிள்ளை முந்நூறு கிராமைத் தொலைக்கும். அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே வேம்பு இல்லை. பவுசர்க்காரனும் இல்லை.

தலையணையை விலக்கி, குழாயை வெளியே இழுத்தாள். கிளிப்பைக் கழற்றினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க ஏழெட்டு மிடறு குடித்து, கிளிப்பை மாட்டி, வாயைத் துடைத்தாள்.

"அஞ்சு நாளா இப்பிடித்தான், அம்மா. ஒரு நாளைக்கு அரைக் கலன் சரி குடிப்பன். சுறாவும் நல்லது, சரக்கும் நல்லது. அதெல்லாம் அதுக்கு முந்தியும் இருந்ததுதானே? அப்ப ஏன் பிள்ளை மெலிஞ்சது?"

'ஏன்' திரும்பி வந்துவிட்டது.

ஸரீனா குழாயைக் கையில் எடுத்து, ஜன்னல் வரைக்கும் கண்ணால் தொடர்ந்து போய், வேம்பைக் கண்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன் மூத்த பிள்ளைக்கு உம்மா நாற்பது நாள் தண்ணீர்க் குடத்தை ஒளித்து வைத்ததாகவும், தான் தொழுகைக்கு ஒளு எடுக்கிற சாட்டில் குடித்ததாகவும் சொன்னாள். உடம்பு வேறு வேறு என்ற தீர்ப்பு அந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

பரமேஸ்வரி சிரிக்கவில்லை. ஏசவும் இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தன் மஞ்சள் விரல்களைப் பார்த்தாள். பிறகு, ஒருவருக்கும் சொல்லாத ஒரு கதையைச் சொன்னாள். ஹம்சிகா பிறந்தது இடம்பெயர்ந்து போன இடத்தில், காட்டோரத்துக் கிடுகுக் கொட்டிலில். பக்கத்துக் கொட்டிலில் ஒருத்திக்கும் அதே கிழமை பிள்ளை. தாகம் தாங்காமல் அவள் குளத்துத் தண்ணீரை அள்ளி அப்படியே குடித்தாள். வயிற்றோட்டம். நாலாம் நாள் அந்தக் கொட்டிலில் பிள்ளை மட்டும் இருந்தது. பரமேஸ்வரிக்கு அன்றன்று கிடைத்த விறகுக்கு இரண்டு சுண்டுதான் காய்ச்சலாம். அதை மட்டும் குடித்தாள். அவளும் தப்பினாள், மகளும் தப்பினாள்.

"தண்ணி குடிச்சவள் செத்தவள். குடிக்காத நான் இருக்கிறன். நான் வேறை என்னத்தை நினைக்கிறது?"

ஒரு நாள் விறகின் அளவு இருபத்தேழு வருஷமாகச் சட்டமாக இருந்திருக்கிறது. ஹம்சிகா தாயின் கையைப் பிடித்தாள். கொன்றது தண்ணீர் இல்லை, அதிலிருந்த அழுக்கு என்பதை ஸரீனா மெல்லச் சொன்னாள். காய்ச்சிக் குடித்தது சரி, அளவு மட்டும்தான் காணாது என்றாள். பரமேஸ்வரி எழுந்து பின்பக்கம் போனாள். வேம்படியில் அவள் நிற்பது ஜன்னலால் தெரிந்தது. கலனை மோந்து பார்த்தாள். குழாயை உருட்டிப் பார்த்தாள்.

"இது காய்ச்சினதோ?"

"ஓம் அம்மா. கேத்தலிலை வடிவாக் கொதிக்க வைச்சு ஆறவிட்டவர். கோயிலிலை அவரை வெளியிலை விட்டுக் குழாயை மட்டும் உள்ளை எடுத்தவையாம், அதைப் பாத்து வந்த யோசனை."

"மூடியில்லாமல் வைச்சிருக்கிறார். எறும்பு விழும். ஆம்பிளையளின்ரை வேலை."

பின்னேரம் பிரசாந்தன் பவுசரை ஒழுங்கையில் நிறுத்திவிட்டு வழமைபோலப் பின்பக்கத்தால் வந்தான். கலனின் வாயில் அவித்துக் காயவைத்த வெள்ளைத் துணி ஒன்று, வயல்காரக் கையின் இறுக்கமான முடிச்சோடு கட்டியிருந்தது. அந்த முடிச்சை அவனுக்குத் தெரியும். நின்ற இடத்திலேயே நின்றான். ஓடுவதா, முன்பக்கம் போய் மன்னிப்புக் கேட்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலில் மாமியாரின் முகம் தெரிந்தது. தோளில் அவன் மகள், இதுவரை அவன் கதவோடு நின்று மட்டும் பார்த்த மகள், அவனை அதிபரின் முறைப்போடு பார்த்தாள்.

"தம்பி, கலன் முடிஞ்சு போச்சு. நான் காய்ச்சி ஆறவைச்சிருக்கிறன், நிரப்பிப் போட்டு, காலைக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளை வாங்கோ. வெளியிலை நிண்டு குழாய் நீட்டுறதுக்கு இதென்ன கோயிலோ?"